நம்மாளு ஒருத்தர் இருக்கார்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டிலும் கம்பெனி அடையாள அட்டையிலும் அது எழுதியிருக்கும். அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முகத்துக்கு நேரே "அண்ணாத்தே". முதுகுக்குப் பின்னால் "நம்மாளு". அவர் வாயிலிருந்தே வந்த பெயர்தான் அது. யார் எந்தக் கஷ்டத்தைச் சொன்னாலும், "அட, அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீற? அங்க நம்மாளு ஒருத்தன் கீறான்" என்றுதான் ஆரம்பிப்பார்.

கேஸ் சிலிண்டர் வரவில்லையா, ஏஜென்சியில் நம்மாளு ஒருத்தன். மீட்டர் பெட்டியில் புகை வருகிறதா, கரண்ட் ஆபீசில் நம்மாளு ஒருத்தன். ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூட்டம் நெரிகிறதா, செருப்பு விடும் இடத்திலேயே நம்மாளு. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட் நட்டு செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் அவருக்கு வேலை. லாரி டிரைவர், கிளீனர், டீக்கடைக்காரர், வாட்ச்மேன் என்று நாள் முழுக்க ஆட்களோடு பேசுகிற வேலை. பேசிய ஒவ்வொருவரையும் போனில் ஏற்றி வைத்துக்கொள்வார். "ஈபி நம்மாளு", "ஸ்கூலு நம்மாளு", "சுடுகாடு நம்மாளு" என்று வரிசையாக இருக்கும். கடைசியாகச் சொன்னதைப் பார்த்து நான் சிரித்தபோது, "சிரிக்காத தங்கச்சி, அல்லாருக்கும் ஒரு நாள் தேவப்படும்" என்றார்.

தேவைப்படவும் செய்தது. என் மாமனார் இறந்தது ஒரு மழைக்காலத்தில். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். எரிமேடையில் இடம் இல்லை, நாளைக்குத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் ஐஸ் பெட்டி வைக்கக்கூட இடம் இல்லாமல் என் கணவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நம்மாளு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது அன்று சாயங்காலமே எல்லாம் முடிக்க ஏற்பாடாகியிருந்தது. பாடையின் முன் பக்கத்தை அவர்தான் தூக்கினார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு. அதனால்தான் அவர்மேல் எனக்கிருக்கிற கோபம் இவ்வளவு நாளாகியும் ஆறாமல் இருக்கிறது.

எல்லாமே அப்படி முடிந்துவிடவில்லை. ஒரு பொங்கலுக்கு ரேஷன் கடையில் கரும்பும் பச்சரிசியும் கொடுத்தார்கள். நானும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் வரிசையில் நின்றிருந்தோம். அவர் வந்து இரண்டு பேரையும் கையைப் பிடிக்காத குறையாக வெளியே இழுத்தார். "லைன்ல நிக்கிறவன்லாம் ஆள் இல்லாதவன். பின்னால வாங்க" என்றார். பின்பக்கம் எடை போடுகிறவர்தான் நம்மாளு. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் நாங்கள் கால் கடுக்க நின்றோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்களெல்லாம் தோளில் கரும்பைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வீட்டுக்குப் போனார்கள். கடைசியில் அந்த நம்மாளு பல்லைக் குத்திக்கொண்டே வந்து, "ஸ்டாக்கு முடிஞ்சிபோச்சுபா. நாளைக்கி வா, பாத்துக்கலாம்" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் இவருக்கு ஒரே பெருமை. "பாத்தியா தங்கச்சி, நாளைக்கி வா பாத்துக்கலாம்னு சொன்னான் பாரு. வேற எவனுக்காச்சும் சொல்வானா?"

அக்கா சொன்னார்: "லைன்லயே நின்னுருந்தா இந்நேரம் பொங்கலே வெச்சிருப்பேன்யா."

அவர் காதில் அது விழவே இல்லை. அதுதான் அவர். காரியம் நடந்ததா என்பதைவிட ஆள் தெரிந்ததா என்பதுதான் அவருக்குப் பெரிது. என் மகளைப் பள்ளியில் சேர்த்தபோதும் இப்படித்தான். வந்த எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்ட பள்ளி அது. காலியிடம் அவ்வளவு இருந்தது. ஆனால் பி.டி. மாஸ்டர் நம்மாளு என்பதால் இவர் காலையிலேயே சட்டை இஸ்திரி போட்டு வந்து வெயிலில் நின்றார். அவளைச் சேர்த்துவிட்டோம் என்றதும், "நா ஒரு வார்த்த சொல்லி வெச்சேன்" என்று கண்ணைச் சிமிட்டினார். இதற்கெல்லாம் யாரிடமும் அவர் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. "தேங்க்ஸ் அண்ணாத்தே" என்று நான்கு பேர் கேட்கச் சொன்னால் போதும், அன்று முழுக்க அவர் நடையே வேறு மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு முறை அவர் இதற்குக் காரணம் மாதிரி ஒன்றைச் சொன்னார். மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டியில் ஏதோ ரிப்பேர் பார்க்க வந்தவர், மேற்கே கையைக் காட்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஊர்தான் தங்கள் ஊர் என்றார். அங்கே அவர் அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அந்த நிலமெல்லாம் இப்போது குடோன். "எங்கப்பன் எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசல்லயே நிப்பான். இன்னா வோணும்னு கேக்கக்கூட எவனும் வர மாட்டான். சாயந்தரம் வரைக்கும் நின்னுட்டு, நாளைக்கி வர்றேங்கன்னு யாருமில்லாத வாசலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வருவான். நா கூடவே நின்னுகினு இருப்பேன்." தொட்டி மூடியைத் தட்டிச் சரி செய்தார். அதைக் கேட்ட பிறகு கொஞ்ச நாள் நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. நாள் முழுக்க நின்றே பார்க்க வேண்டும். அக்கா கொஞ்சமும் அலுத்துக்கொள்ள மாட்டார். ஷேர் ஆட்டோவில் ஏறவே மாட்டார். "அவன் ஆள் ரொப்பறதுக்குள்ள நா கம்பெனி கேட்டாண்ட போய்டுவேன்" என்று விடுவிடுவென நடந்துவிடுவார். பக்கத்தில் நடந்தால் எனக்கு மூச்சு வாங்கும். நெஞ்சு படபடப்பு என்று அவ்வப்போது சொல்வார். அதற்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படபடப்பை அவரும் நாங்களும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அன்றைக்கு அக்காவுக்கு வார லீவு. காலை டிபன் முடிந்த நேரம். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தவர் "அய்யோ" என்று இடது காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த மிஷினை விட்டு ஓடினேன். யாரோ கட்டையால் அடித்த மாதிரி இருக்கிறது என்றார். திண்டாடித் தூக்கி உள்ளே படுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வலி ஒருபக்கம் இருக்க, கால் மரத்துப்போகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கால் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. நிறமும் வெளுத்திருந்தது. விரலை அசைக்கச் சொன்னேன். அக்கா தன் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அசையவில்லை.

எனக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு கால் சூடாகவும் ஒரு கால் ஜில்லென்றும் இருந்தால் அது சுளுக்கு இல்லை என்று தெரிய மருத்துவம் படித்திருக்க வேண்டுமா என்ன? உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அதற்குள் சேதி கேட்டு அண்ணாத்தே கம்பெனியிலிருந்து வந்துவிட்டார். வந்ததும் போனை எடுத்தார். ஆவடியில் ஒரு கிளினிக்கில் கம்பவுண்டராக இருக்கும் நம்மாளுக்கு வீடியோ கால். அக்காவின் காலுக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாரு மச்சான்" என்றார். மச்சான் நல்லா பார்த்தார். "வாயு புடிப்புதான். நரம்பு இயுத்துகினு கீது. வெந்நி ஒத்தடம் குடு, சரியாய்டும்" என்றார்.

"அண்ணே, கால் ஜில்லுன்னு இருக்குண்ணே. தொட்டுப் பாக்காம அவர் எப்படிச் சொல்றாரு?" என்றேன்.

"அவன் இருவது வருசமா கிளினிக்ல கீறான் தங்கச்சி" என்றார்.

வெந்நீர்ப் பையை வைத்தார். சுடுகிறதா என்று கேட்டார். சுடவே இல்லை என்றார் அக்கா. அதனால் இன்னும் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். அப்போதும் சுடவில்லை. பிறகு பையை எடுத்துப் பார்த்தபோது கெண்டைக்கால் தோல் கொப்புளித்திருந்தது. அக்காவுக்கு அது தெரியவே இல்லை. அந்தக் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார்.

அந்த நேரத்துக்குச் சரியாக ஆம்புலன்ஸும் வந்து தெருமுனையில் நின்றது. ஸ்ட்ரெச்சரோடு ஆட்கள் இறங்கினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவர் வாசலிலேயே அவர்களை மறித்தார்.

"எங்க இட்டுகினு போவீங்க?"

"பக்கத்துல இருக்குற கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு. அங்கிருந்து தேவைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்துவாங்க."

"அங்க எனக்கு யாரும் தெரியாதுபா. டவுன்ல பெரிய ஆஸ்பத்திரில நம்மாளு ஒருத்தன் கீறான். அவன் இட்டுகினு போனா நேரா டாக்டராண்ட போய்டலாம். நீங்க கெளம்புங்க."

நான் கத்தினேன். அன்றைக்கு நான் கத்தியதைத் தெருவே கேட்டது. "உங்க காலா போகுது? அவங்க கால்ண்ணே. வண்டி வந்து நிக்குது, ஏத்தி அனுப்புங்க" என்றேன். ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், தாமதம் பண்ணாதீங்க" என்று அவரிடம் மன்றாடவே செய்தார். இவர் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தட்டினார். "ஆள் இல்லாம போனா வராண்டால போட்டுருவானுங்க தம்பி. உனக்குத் தெரியாது." அக்காவிடம் கேட்டேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "அவரு இன்னா சொல்றாரோ..." என்றார். அதற்குமேல் என்ன செய்ய முடியும்? வண்டி காலியாகத் திரும்பிப் போனது.

பிறகு கால் டாக்ஸி ஓட்டும் ஒரு நம்மாளு பூந்தமல்லியில் சவாரியை இறக்கிவிட்டு வரும்வரை காத்திருந்தோம். அவர் வந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும் நம்மாளுக்கு மத்தியான ஷிஃப்ட். அவர் வரும்வரை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஒரு மரத்தடியில் காருக்குள் காத்திருந்தோம். எதிரில் பெரிய சிவப்பு எழுத்தில் அவசர சிகிச்சைப் பிரிவு என்று எழுதியிருந்தது. நான் அதைக் காட்டினேன். "அங்க போனா பேஜாரு தங்கச்சி. யாருன்னு கேப்பான், இன்னான்னு கேப்பான்" என்றார். என் மடியில் இருந்த அக்காவின் காலில் நீலம் பூத்திருந்தது.

நம்மாளு வந்தார். லிஃப்ட் இயக்குபவர். நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "கால்தான? எலும்பு டாக்டராண்ட போய்டலாம்" என்று ஒரு சக்கர நாற்காலியை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்தார். காத்திருந்த கூட்டத்தை விலக்கி நேராக உள்ளே கொண்டுபோனார். எக்ஸ்ரேவும் வரிசையில்லாமல் எடுத்தாயிற்று. இவர் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பார்த்தாயா, என்று அர்த்தம். அவ்வளவு நோயாளிகளைத் தாண்டி, அவ்வளவு மரியாதையோடு, அக்காவைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தோம்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கவே இல்லை. காலைத் தொட்டார், பாதத்திலும் முழங்கால் மடிப்பிலும் விரலை வைத்து நாடி தேடினார். அடுத்த நிமிடம் அவரே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினார். எங்கே தெரியுமா? நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அதே சிவப்பு எழுத்துக்கு.

அங்கே டியூட்டியில் ஒரு பெண் டாக்டர். சின்ன வயது, தூக்கமில்லாத கண். "எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"காத்தாலதான் மேடம்" என்றார் இவர்.

"காலையிலயா?" பள்ளிக்கூடம் விட்டு என் மகள் வீட்டுக்கு வரும் நேரம் ஆகியிருந்தது. "இதயத்துல உண்டான ரத்தக்கட்டி ஓடி வந்து கால் ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. சில மணி நேரத்துக்குள்ள எடுத்துட்டா காலைக் காப்பாத்திடலாம். இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

"இங்கதான் மேடம். நம்மாளு வர்றதுக்கு..."

"இங்க வர்றதுக்கு எதுக்குங்க ஆளு?" என்றார் அந்தப் பெண். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். இவர் கை சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனது.

அடைப்பை எடுத்துப் பார்த்தார்கள். முடிந்த மட்டும் பார்த்தார்கள். சதை செத்துப்போயிருந்தது. அந்த வாரத்திலேயே முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். ஆள் வைத்தெல்லாம் இல்லை, முன்பின் தெரியாதவர்கள்தான் அக்காவின் உயிரைக் காப்பாற்றினார்கள். அவசரத்துக்கு ரத்தம் கொடுத்தவர் யாரென்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகாவது திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். வீடு திரும்பிய மறுநாளே வாசலில் நின்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "நம்மாளு மட்டும் இல்லன்னா உசுரே போயிருக்கும்பா. நேரா டாக்டராண்டயே இட்டுகினு போய்ட்டான். காலோட போச்சு." கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சொல்லச் சொல்ல அந்தக் கதை வளர்ந்தது. ஆம்புலன்ஸ் வந்து திரும்பிப் போனது மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

ஒரே ஒரு நாள், குழாயடியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, அந்த வண்டிலயே ஏத்திருந்தா..."

"இல்ல, அவன் கண்ட எடத்துல எறக்கி உட்டுருப்பான்" என்று அவரே முடித்துக்கொண்டார்.

"எங்க இறக்கி விட்டிருந்தாலும் கால் இருந்திருக்கும்ண்ணே" என்றேன். நறுக்கென்றுதான் சொன்னேன். அவர் குழாயை மூடினார். குடத்தைத் தூக்க மறந்து உள்ளே போய்விட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று சாயங்காலமே தெருமுனை டீக்கடையில் அதே கதையை, அதே குரலில், புதிதாக யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் சொன்னால், அதற்குப் பிறகுதான் அவர் பெயர் பக்கத்துத் தெருக்களுக்கும் பரவியது. ஆஸ்பத்திரி விஷயமென்றால் நம்மாளைப் பார் என்று அனுப்ப ஆரம்பித்தார்கள்.

நாங்கள் திருநின்றவூரில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வேலை போய்விட்டது. அக்கா கம்பெனிக்கு நடந்தே தீர்த்த அந்த ரோட்டைப் பற்றி நாங்கள் இருவருமே பேசுவதில்லை. அண்ணாத்தே உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

அப்போது பின் தெருவிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். முந்தானையைக்கூடச் சரியாகப் போடவில்லை. "அண்ணாத்தே கீறாராக்கா? எங்க ஊட்டுக்காருக்கு திடீர்னு வாய் கோணிகினு கீது. ஒரு பக்கம் கையி தூக்க முடில. பெரிய ஆஸ்பத்திரில அவருக்கு ஆள் கீதாமே, ஒரு போன் போடச் சொல்லுக்கா."

அக்கா கீரையை முறத்தில் வைத்தார். குளியலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"ஊட்ல இல்லம்மா."

"எப்போ வருவாரு? நா நிக்கறேன்."

"நிக்காத. இன்னிக்கி வர மாட்டாரு." அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அரைவாசி எழுந்துவிட்டார். "எவனையும் தேடிகினு நிக்காத. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணு. எங்க இட்டுகினு போறேன்னு சொல்றானோ அங்க போ. இன்னா ஏதுன்னு கேக்காத. போ, ஓடு."

என் போனிலிருந்தே நான் கூப்பிட்டேன். தெரு பேரையும் அடையாளத்தையும் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் வந்த வழியே திரும்பி ஓடிவிட்டாள். அக்கா மெல்ல உட்கார்ந்தார்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "யாரு மே அது? என்னத் தேடிகினு வந்த மாரி இருந்துச்சே?" என்று இவர் குரல் கேட்டது.

அக்கா முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சவங்க யாரும் இல்லய்யா" என்றார்.